சிவப்பு மாறாத கறை

1967 ஆகஸ்ட் 31. ஜப்பானின் ஷிமிசு நகரில் ஒரு மிசோ தொழிற்சாலை. வேகவைத்த சோயா அவரையோடு உப்பும் பூஞ்சை ஏற்றிய தானியமும் சேர்த்து, பெரிய தொட்டிகளில் மாதக்கணக்கில் புளிக்கவிட்டு எடுக்கும் விழுதுதான் மிசோ. அன்று ஒரு தொட்டியைக் காலி செய்துகொண்டிருந்த தொழிலாளிக்கு அடியில் ஒரு சாக்கு தட்டுப்பட்டது. உள்ளே ஐந்து துணிகள்: ஒரு சட்டை, ஒரு பனியன், ஒரு கால்சட்டை, இரண்டு உள்ளாடைகள். துணிகளில் ரத்தக் கறை. கறையில் சிவப்பு இன்னும் தெரிந்தது.

அதற்கு ஓராண்டு இரண்டு மாதம் முன்பு, 1966 ஜூன் 30 அதிகாலையில், அந்தத் தொழிற்சாலையின் நிர்வாகி ஒருவரும் அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வீட்டுக்குள் குத்திக் கொல்லப்பட்டிருந்தார்கள். வீட்டுக்குத் தீயும் வைக்கப்பட்டிருந்தது. அங்கே வேலை பார்த்த இவாவோ ஹகமதா என்ற முன்னாள் குத்துச்சண்டை வீரரைக் காவல்துறை கைது செய்தது. வயது 30. ஒரு நாளைக்குச் சராசரியாக 12 மணி நேரம் என்று சுமார் 20 நாள் விசாரித்தார்கள். கடைசியில் ஒப்புக்கொண்டார். நீதிமன்றத்தில் மறுத்தார்.

கொலை செய்தபோது அவர் இரவு உடை அணிந்திருந்தார் என்பதுதான் அரசுத் தரப்பின் முதல் கதை. தொட்டியில் சாக்கு கிடைத்ததும், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, கதை மாறியது. கொலைகாரனின் உடை இந்த ஐந்து துணிதான் என்றார்கள். பிறகு அந்தக் கால்சட்டையை ஹகமதாவுக்குப் போட்டுப் பார்த்தபோது தொடைக்கு மேல் ஏறவில்லை. மிசோவில் ஊறிச் சுருங்கிவிட்டது என்று பதில் வந்தது. அதன் பட்டியில் இருந்த ‘பி’ என்ற எழுத்து பெரிய அளவைக் குறிக்கிறது என்றும் சொன்னார்கள். அது துணியின் நிறத்துக்கான குறியீடு என்பது பல ஆண்டு கழித்துத் தெரிந்தது.

1968-இல் மூன்று நீதிபதிகள் தீர்ப்பெழுதினார்கள். காவல்துறையும் அரசுத் தரப்பும் பதிவு செய்திருந்த ஒப்புதல் வாக்குமூலங்கள் மொத்தம் 45. அவற்றில் 44, வற்புறுத்தியோ முறைகேடாகவோ பெற்றவை என்று தள்ளப்பட்டன. ஒன்று மட்டும் நம்பத்தக்கது என்று ஏற்கப்பட்டது. 44 முறை வாயைத் திறக்க வைத்தவர்கள் 45-ஆவது முறை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்களா என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. தண்டனை மரணம். மேல்முறையீடுகள் தோற்று 1980-இல் அது உறுதியானது.

அந்த மூவரில் இளையவர் நொரிமிச்சி குமாமோட்டோ. ஹகமதா நிரபராதி என்று தான் கருதியதாகவும், இரண்டுக்கு ஒன்று என்று வாக்கில் தோற்றதாகவும், தீர்ப்பை எழுதும் வேலை தன் தலையிலேயே விழுந்ததாகவும் 2007-இல் அவர் வெளிப்படையாகச் சொன்னார். தீர்ப்புக்கு மறு ஆண்டே அவர் பதவியை விட்டிருந்தார்.

இனி அந்தக் கறைக்கு வருவோம். ரத்தத்துக்குச் சிவப்பு தருவது ஹீமோகுளோபின். மிசோ லேசான அமிலத்தன்மை உடையது, உப்பு மிகுந்தது. அந்த உப்பிலும் அமிலத்திலும் சிவப்பணுக்கள் சிதையும்; வெளியே வரும் ஹீமோகுளோபின் உருக்குலைந்து ஆக்சிஜனேற்றம் அடையும்; நிறம் பழுப்பாகிக் கருக்கும். ஹகமதாவுக்காகப் போராடியவர்கள் ரத்தம் தோய்ந்த துணிகளை மிசோவில் புதைத்து வைத்துப் பார்த்தார்கள். சிவப்பு நிற்கவில்லை. அரசுத் தரப்பும் தன் பங்குக்கு ஒரு சோதனை நடத்தியது. எல்லாவற்றையும் பார்த்தபின், ஓராண்டுக்கு மேல் ஊறிய கறையில் சிவப்பு மிஞ்சாது என்று 2023 மார்ச்சில் டோக்கியோ உயர் நீதிமன்றம் முடிவுக்கு வந்து, மறுவிசாரணைக்கு வழி விட்டது. சாக்கு தொட்டிக்குள் போனது கொலை நடந்தபோது அல்ல, கண்டெடுக்கப்படுவதற்குச் சற்று முன்புதான் என்றால், அப்போது ஹகமதா எங்கே இருந்தார்? சிறையில்.

2014-லேயே வெளியே விடப்பட்டிருந்த ஹகமதா, 2024 செப்டம்பர் 26 அன்று விடுதலை என்று தீர்ப்பு பெற்றார். வயது 88. சிறையில் கழிந்தது 47 ஆண்டுக்கும் மேல். துணிகளும், ஏற்கப்பட்ட அந்த ஒற்றை வாக்குமூலமும் விசாரணை செய்தவர்களால் புனையப்பட்டவை என்று நீதிமன்றம் சொன்னது.

ஒரு துணி, கொஞ்சம் ரத்தம், ஒரு பானை மிசோ, ஓராண்டுப் பொறுமை. இந்தச் சோதனையைச் செய்ய 1968-இல் இல்லாத கருவி எதுவும் தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் நம்மூர் நீதிமன்ற மொழியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ‘குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை’ என்பார்கள். ‘சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை’ என்பார்கள். இரண்டு வாக்கியத்திலும் அவர் செய்தாரா இல்லையா என்பதற்குப் பதில் கிடையாது. தன் முன் வைக்கப்பட்ட சாட்சியம் ஒரு கோட்டைத் தாண்டியதா என்பதுதான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் கேள்வி. நாம்தான் வீட்டில் உட்கார்ந்து செய்தித்தாளைப் படித்துவிட்டு ‘நிரபராதின்னு சொல்லிட்டாங்க’ என்று மொழிபெயர்த்துக்கொள்கிறோம்.

அரசுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். தமிழ்நாட்டில் காவலர் வேலைக்கு விண்ணப்பிப்பவர் ஒரு வழக்கிலிருந்து சந்தேகத்தின் பலனால் விடுதலையானவர் என்றாலோ, புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானவர் என்றாலோ, அவரைக் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதலாம் என்று பணி விதிகளில் விளக்கம் உண்டு. ‘கண்ணியமான விடுதலை’ என்று ஒரு தனி வகை இதனால்தான் சேவை வழக்குகளில் அடிபடுகிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் இதை ஒளிக்காமல் ‘நிரூபணமாகவில்லை’ என்று மூன்றாவதாக ஒரு தீர்ப்பையே பல நூற்றாண்டு வைத்திருந்தார்கள். 2025-இல்தான் அதை ஒழிக்கச் சட்டம் நிறைவேற்றினார்கள்.

ஆக, தீர்ப்பு ஒரு அளவுகோல். ரத்தச் சர்க்கரையைப் பார்க்கும் கருவி போல அதற்கும் பிழை உண்டு; நோய் இல்லாதவருக்கு இருக்கிறது என்று காட்டும் பிழை, இருப்பவருக்கு இல்லை என்று காட்டும் பிழை என்று இரண்டு வகை. கருவியில் சந்தேகம் வந்தால் இன்னும் துல்லியமான ஆய்வகச் சோதனையோடு ஒப்பிடலாம். தீர்ப்பை எதனோடு ஒப்பிடுவது? விடைத்தாள் கையில் இல்லாதபோது தேர்வெழுதியவரின் பிழையை எண்ண முடியுமா?

முடியும் என்று துணிந்தவர்களில் ஒருவரை நம் மாணவர்களுக்குத் தெரியும். பிளஸ் டூவில் பாய்சான் பரவல் என்று ஒன்று வரும். ஒரு பக்கத்தில் எத்தனை அச்சுப்பிழை, ஒரு மணி நேரத்தில் எத்தனை தொலைபேசி அழைப்பு என்று கணக்குப் போட வைப்பார்கள். அந்தச் சூத்திரம் வெளிவந்த புத்தகத்தில் அச்சகமும் கிடையாது, தொலைபேசியும் கிடையாது. பாய்சான் எழுதி 1837-இல் பாரிஸில் வந்த அந்த நூலின் பொருள் நீதிமன்றத் தீர்ப்புகள். அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே, 1785-இல், பிரெஞ்சுக் கணித அறிஞர் கோந்தோர்சே இதே பாதையில் கால் வைத்திருந்தார். (தீர்ப்புகள் எவ்வளவு தவறும் என்று கணக்குப் போட்ட கோந்தோர்சேயைப் பிரெஞ்சுப் புரட்சி வேட்டையாடியது, 1794-இல் சிறையறையில் இறந்துகிடந்தார்.)

பாய்சானுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் ஒரு சட்டத் திருத்தம். பிரான்சில் 12 பேர் ஜூரி. 1830 வரை, 7 பேர் ‘குற்றவாளி’ என்றால் போதும். அந்த ஆண்டுகளில் விசாரிக்கப்பட்ட 100 பேரில் சுமார் 61 பேர் தண்டனை பெற்றார்கள். 1831-இல் 8 பேர் வேண்டும் என்று விதி மாறியது. தண்டனை பெற்றவர்கள் 54 ஆகக் குறைந்தார்கள். அந்த ஓராண்டில் பிரான்ஸ் மக்கள் திடீரென்று யோக்கியர்களாகிவிடவில்லை. மாறியது வாசல்படியின் உயரம் மட்டும்.

பாய்சானுக்குத் தெரிய வேண்டியவை இரண்டு: கூண்டில் ஏறுகிறவர்களில் எத்தனை பேர் உண்மையில் குற்றவாளிகள், ஒரு ஜூரர் எத்தனை முறை சரியாகச் சொல்கிறார். ஒரு சமன்பாட்டை வைத்து இரண்டு மறைபொருளைக் கண்டுபிடிக்க முடியாது. 61, 54 என்று இரண்டு எண்கள் கிடைத்ததும் பூட்டு திறந்தது. அவருடைய தரவுகளை மொத்தமாக எடுத்தால் விடை இப்படி வரும்: 100 பேரில் 64 பேர் குற்றவாளிகள், ஒரு ஜூரர் நான்கு முறையில் மூன்று முறை சரி.

இந்த எண்களை வைத்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 7 பேர் விதியில், தண்டனை பெற்ற 1,000 பேரில் சுமார் 8 பேர் நிரபராதிகள். 8 பேர் விதிக்கு மாறினால் அது 2 ஆகிவிடுகிறது. ஒரே ஒரு கூடுதல் வாக்குக்கு இவ்வளவு பலனா என்று மகிழ்வதற்குள் அடுத்த பக்கத்தைப் பார்க்க வேண்டும். விடுதலையானவர்களில் குற்றவாளிகள் 100-க்கு 9 ஆக இருந்தது 22 ஆகிறது. ஒரு பிழையை அமுக்கினால் இன்னொன்று மேலெழும். பத்துக் குற்றவாளிகள் தப்பினாலும் ஒரு நிரபராதி தண்டிக்கப்படக் கூடாது என்று 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் சொன்னதைச் சட்டக் கல்லூரிகளில் மேற்கோள் காட்டுகிறோம். அதன் விலையை முதலில் எண்ணாகப் பார்த்தவர்கள் இந்தப் பிரெஞ்சுக்காரர்கள்.

எதிர்ப்பும் பலமாகவே இருந்தது. கணிதத்துக்கே இது இழுக்கு என்று ஜான் ஸ்டுவர்ட் மில் கடிந்தார். கணக்கில் ஓட்டை இருப்பது உண்மைதான்: 12 பேரும் ஒருவரையொருவர் பாராமல் தனித்தனியே காசு சுண்டுவது போலத் தீர்மானிக்கிறார்கள் என்று அது வைத்துக்கொள்கிறது. ஒரே பொய்ச் சாட்சியை 12 பேரும் கேட்டால் 12 பேரும் சேர்ந்தே ஏமாறுவார்கள். தொட்டியிலிருந்து எடுத்த கால்சட்டையை மூன்று நீதிபதிகளுக்குக் காட்டினாலும் முப்பது பேருக்குக் காட்டினாலும் அது அதே கால்சட்டைதான். பாய்சானும் இதில் கவனமாகவே இருந்தார்: தான் ‘குற்றவாளி’ என்று சொல்வதன் பொருள் ‘செய்தவர்’ அன்று, ‘தண்டிக்கப் போதுமான சாட்சியம் உள்ளவர்’ என்று வேறுபடுத்தியிருக்கிறார். செய்தவரை எண்ணும் ஆசையை அவரும் விட்டுவிட்டார் என்றுதான் அதற்கு அர்த்தம்.

இரண்டு கடிகாரங்களை ஒப்பிடுவது இன்னொரு வழி. சரியான நேரம் தெரியாவிட்டாலும், இரண்டும் வேறு வேறு நேரம் காட்டினால் ஒன்றாவது தப்பு. 1966-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கால்வனும் சைசலும் வெளியிட்ட ஆய்வில், 3,576 வழக்குகளில், ஜூரி சொன்ன தீர்ப்போடு, நீதிபதி தனியே இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதையும் கேட்டு ஒப்பிட்டார்கள். ஏறத்தாழ 78 சதவீத வழக்குகளில் ஒத்துப்போனது. மீதி 22-இல் யாரோ ஒருவர் தவறு. அதாவது 100 வழக்கில் இரு தரப்பும் சொன்ன 200 தீர்ப்புகளில் குறைந்தது 22 பிழை. இரண்டு கடிகாரமும் சேர்ந்தே தப்பாக ஓடிய நேரங்கள் இதில் அடங்கவில்லை.

விடைத்தாள் ஒரு முறை உண்மையிலேயே கிடைத்தது. அதுவும் ஒரு பெண்மணி விதியை மீறியதால்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் தடயவியல் ஆய்வகத்தில் மேரி ஜேன் பர்ட்டன் என்றொரு ஆய்வாளர் இருந்தார். 1970, 80-களில் பாலியல் வன்முறை வழக்குகளில் ரத்த வகையைப் பார்ப்பது அவர் வேலை. டி.என்.ஏ. சோதனை அப்போது கிடையாது. சோதித்து முடித்ததும் மாதிரிகளைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது நடைமுறை. அவரோ பஞ்சுக் குச்சியின் நுனியைக் கத்தரித்து, துணித்துண்டை வெட்டி, தன் குறிப்புத்தாளிலேயே ஒட்டி வைப்பார். நம்மூர்ப் பழைய தையல்காரர் நோட்டில் துணி மாதிரி ஒட்டுவாரே, அப்படி. அவர் காலமான பிறகு, 2001-இல், மார்வின் ஆண்டர்சன் என்பவரின் வழக்குக் கோப்பைத் தேடியபோதுதான் இந்த ஒட்டுப் பஞ்சுகள் வெளியே வந்தன.

ஆண்டர்சன் 1982-இல் 18 வயதில் தண்டிக்கப்பட்டவர். 15 ஆண்டு சிறையில் இருந்தவர். பாதிக்கப்பட்டவருக்குக் காட்டிய புகைப்படங்களில் மற்றவர்களுடையது காவல்துறையின் கறுப்பு வெள்ளைப் படம். ஆண்டர்சனுடையது மட்டும் அவர் வேலை பார்த்த இடத்து அடையாள அட்டையின் வண்ணப் படம். டி.என்.ஏ. அவரை விடுவித்தது. பிறகு மாநில ஆளுநர் அந்தக் கோப்புகளைச் சோதிக்க உத்தரவிட்டார். முதலில் ஒரு பகுதியை, அதில் வேறு நிரபராதிகளும் அகப்பட்டதால் பின்னர் அனைத்தையும்.

நிரபராதி என்று கூக்குரலிட்டவர்களின் கோப்புகளாக மட்டும் இவை இல்லை என்பதுதான் முக்கியம். பர்ட்டன் யாருடைய பஞ்சை ஒட்டுவது என்று தேர்ந்தெடுக்கவில்லை. கைக்கு வந்ததையெல்லாம் ஒட்டினார். கருத்துக்கணிப்புக்காரர்கள் தவம் கிடக்கும் சாய்வற்ற மாதிரிக்கு மிக நெருக்கமான ஒன்று அது. 1973 முதல் 1987 வரையிலான அந்த வழக்குகளை அர்பன் இன்ஸ்டிடியூட் ஆய்வாளர்கள் அலசி 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். பாலியல் வன்முறை வழக்குகளில், தண்டிக்கப்பட்டவரை டி.என்.ஏ. விலக்கி, அவர் நிரபராதி என்பதற்கு வலுச் சேர்த்தவை 8 முதல் 15 சதவீதம் வரை. எட்டுக்கும் பதினைந்துக்கும் நடுவில் ஏன் இழுபறி என்றால், பழைய மாதிரிகள் பலவற்றிலிருந்து திட்டவட்டமாக எதுவும் சொல்ல முடியவில்லை. பர்ட்டனின் அந்தக் கால ஆய்வு முடிவுகள் மீதே பிற்காலத்தில் கேள்விகள் எழுந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவர் ஒட்டிய பஞ்சு அவருடைய கருத்தைச் சாராமல் பேசியது.

பஞ்சு இல்லாத வழக்குகளை என்ன செய்வது? கொலை வழக்குகள் பலவற்றில் டி.என்.ஏ. உதவாது. 2014-இல் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் சாமுவேல் கிராஸும் கூட்டாளிகளும் மருத்துவப் புள்ளியியலிலிருந்து ஒரு வழியைக் கடன் வாங்கினார்கள். 1973 முதல் 2004 வரை அமெரிக்காவில் மரண தண்டனை பெற்றவர்கள் 7,482 பேர். அவர்களில் நிரபராதிகள் என்று பின்னர் விடுவிக்கப்பட்டவர்கள் 117. அதாவது 1.6 சதவீதம். அதுதான் பிழை விகிதமா என்றால் இல்லை. தூக்குமேடை நிழலில் இருக்கும்வரை வழக்கறிஞர்கள் கோப்பைத் தோண்டிக்கொண்டே இருப்பார்கள். தண்டனை ஆயுளாகக் குறைந்த அன்று கூட்டம் கலைந்துவிடும். அப்படிக் குறைக்கப்பட்டவர்கள் மூன்றில் ஒருவருக்கு மேல். புற்றுநோய் ஆய்வில் பாதியில் ஊர் மாறிப் போன நோயாளிகளை எப்படிக் கணக்கில் சேர்ப்பார்களோ, அதே முறையில் கிராஸ் குழு கேட்டது: எல்லோருமே கடைசிவரை மரண தண்டனைக் கொட்டடியில் இருந்திருந்தால் எத்தனை பேர் விடுவிக்கப்பட்டிருப்பார்கள்? விடை, குறைந்தபட்சம் 4.1 சதவீதம். தூக்கிலிருந்து தப்பியதாலேயே மறக்கப்பட்ட நிரபராதிகள் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிறார்கள்.

இந்தியாவில் இப்படி எண்ணிச் சொல்லப் பஞ்சும் இல்லை, அவ்வளவு பதிவும் இல்லை. இருக்கும் ஒன்று மேல்முறையீடு. டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் 2016 அறிக்கைப்படி, 2000 முதல் 2015 வரை விசாரணை நீதிமன்றங்கள் விதித்த மரண தண்டனைகளில் மேலே உறுதியானவை 5 சதவீதத்துக்கும் குறைவு. கிட்டத்தட்ட 30 சதவீதத்தில் குற்றவாளி என்ற தீர்ப்பே நிற்காமல் விடுதலை. மேல் நீதிமன்றம் சொன்னதால் அது சரி என்று வைத்துக்கொண்டாலும், கீழே நடந்தது என்ன என்று திகைக்க வைக்கும் எண் இது.

மேல் நீதிமன்றம் சொன்னதும் சரிதானா? மகாராஷ்டிராவில் 2003-இல் நடந்த ஒரு கொலை, பாலியல் வன்முறை வழக்கில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேர் சிக்கினார்கள். உயர் நீதிமன்றம் மூவருக்குத் தண்டனையை ஆயுளாகக் குறைத்திருந்தது. 2009-இல் உச்ச நீதிமன்றம் ஆறு பேருக்கும் மரணம் என்றது. 2019 மார்ச் 5 அன்று அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுவித்தது. உயிர் தப்பிய சாட்சி, காவல்துறையின் படத் தொகுப்பிலிருந்து முதலில் அடையாளம் காட்டியது வேறு நான்கு பேரை. அது ஆரம்பத்திலேயே பதிவாகியிருந்தது. 16 ஆண்டுச் சிறைக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு. இடைப்பட்ட பத்தாண்டில் புதிதாக ரசாயனமோ மரபணுவோ எதுவும் நுழையவில்லை. அதே வழக்கை வேறு மூவர் படித்தார்கள்.

சமையல்காரருக்கு உப்பு கூடினால் அன்றே தெரிந்துவிடும். வானிலை முன்னறிவிப்புக்காரருக்கு மறுநாள் காலை வெயிலடித்தால் தெரிந்துவிடும். நீதிபதிக்கு அப்படி ஒரு மறுநாள் காலை கிடையாது. தான் உள்ளே அனுப்பியவர்களில் எத்தனை பேர் செய்யாதவர்கள், வெளியே விட்டவர்களில் எத்தனை பேர் செய்தவர்கள் என்று ஓய்வுபெறும் நாளில்கூட அவருக்கு யாரும் கணக்குக் கொடுப்பதில்லை. முப்பது ஆண்டு அனுபவம் என்கிறோம். விடை சொல்லப்படாத முப்பது ஆண்டுத் தேர்வில் ஒருவர் எதைக் கற்றிருப்பார் என்பது எனக்கு உண்மையிலேயே விளங்காத கேள்வி.

ஹகமதாவின் விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யப் போவதில்லை என்று ஜப்பானின் அரசு வழக்கறிஞர் தலைமை 2024 அக்டோபர் 8 அன்று அறிவித்தது. அந்த அறிக்கையிலேயே, சாட்சியம் புனையப்பட்டது என்ற முடிவு தங்களுக்கு ஏற்புடையதல்ல என்றும் சொல்லியிருந்தது. ஷிசுவோகா மாநிலக் காவல்துறைத் தலைவர் அந்த மாதமே வீட்டுக்கு வந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். நீண்ட தனிமைச் சிறையில் மனம் கலங்கிப்போன ஹகமதா நீதிமன்றத்துக்கு வரும் நிலையில் இல்லை. அரை நூற்றாண்டாக அவருக்காக அலைந்த அக்கா ஹிதெகோ, 91 வயதில், தம்பியின் இடத்தில் நின்று தீர்ப்பைக் கேட்டார்.

பாய்சானும் சரி, கிராஸும் சரி, எண்ணியது கூண்டில் ஏறியவர்களை மட்டும். 1966 ஜூன் 30 அதிகாலையில் அந்த வீட்டுக்குள் போன ஆள் எந்தக் கூண்டிலும் ஏறவில்லை. கொலைக்கு ஜப்பானில் அப்போதிருந்த வழக்குக் காலவரம்பு 15 ஆண்டு. ஹகமதா கொட்டடியில் ஒவ்வொரு காலையும் காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தபோது, 1981-இல், அது முடிந்துபோனது.